முற்றத்துக் கூத்தும் பழைய கொப்பியின் கடைசிப் பக்கமும்

எங்கள் ஊரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரிடம் பாட்டு எழுதிவைத்த ஏழு கூத்துக் கொப்பிகள் இருக்கின்றன. அவருடைய தகப்பன் கையால் எழுதியவை. மூன்று காத்தவராயன் கூத்து, மற்றவை வேறு கூத்துகள், ஒன்றில் கறையான் தின்றது போக முக்கால்வாசிதான் மிச்சம். இவற்றைப் படமெடுத்துப் பதிந்து வைக்க வேண்டும், ஊரில் பதினாறு பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் முறையாகக் கூத்துப் பழக்கி அரங்கேற்ற வேண்டும், இதற்குக் காசு வேண்டும். இந்த ஆவணியில் யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்ப் பக்கம், நடுவில் முற்றம் உள்ள ஒரு நாற்சார் வீட்டில், பெரிய தொகை தரக்கூடிய 32 பேரோடு மட்டும் ஒரு மாலை நிகழ்ச்சி செய்தோம். நாலு மாத வேலை. வேறு ஊர்களில் இதே மாதிரிச் செய்ய நினைக்கிறவர்கள் இருப்பார்கள் என்பதால் என்ன செய்தோம், எது சரிவந்தது, எது பிழைத்தது என்று மறக்க முதல் எழுதி வைக்கிறேன்.

முதலில் மண்டபம் எடுத்து டிக்கெட் வைக்கத்தான் யோசித்தோம். முன்னூறு பேர், ஆளுக்கு 2,000 ரூபா, ஆறு லட்சம் வரும். மண்டப வாடகை, ஒலி, ஒளி, கலைஞர்களின் காசு, நோட்டீஸ், சிற்றுண்டி எல்லாம் கழித்தால் இரண்டு லட்சம் மிஞ்சினாலே பெரிய விஷயம். எங்களுக்குத் தேவை 36 லட்சம். இரண்டு அண்ணாவிமாருக்கு மாதம் 35,000 வீதம் 24 மாதத்துக்கு 16,80,000, பிள்ளைகளின் போக்குவரத்துக்கும் தேத்தண்ணிக்கும் மாதம் 15,000 வீதம் 3,60,000, ஏழு கொப்பிகளைப் பதிய 5,60,000, உடுப்பும் மத்தளமும் 6,00,000, அரங்கேற்றத்துக்கு 4,00,000. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்த பிறகுதான் முன்னூறு பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும் வேலை இது இல்லை, முப்பது பேருக்குப் பக்கத்தில் இருந்து கதைக்கிற வேலை என்று விளங்கியது.

இன்னொன்றும் அப்போதே முடிவெடுத்தோம். அந்த மாலைக்கு ஆகும் செலவு சேர்க்கிற காசிலிருந்து போகக்கூடாது. கனடாவில் இருக்கும் ஊரவர் ஒருவரிடம் அதை மட்டும் தனியாகக் கேட்டோம், 3,10,000 ரூபா, அவர் முழுவதையும் ஏற்றுக்கொண்டார். இதனால் அன்றைக்கு எழும்பி நின்று, நீங்கள் தருகிற ஒவ்வொரு ரூபாயும் அண்ணாவியாருக்கும் பிள்ளைகளுக்கும் கொப்பிக்கும்தான் போகிறது, இந்தச் சாப்பாட்டுக்குப் போகவில்லை என்று நேராகச் சொல்ல முடிந்தது. இப்படி ஒருவரைப் பிடிக்க முடியாவிட்டால் நிகழ்ச்சியைப் பிற்போடுங்கள் என்றே சொல்வேன்.

நாள் குறிப்பது லேசான வேலை இல்லை. வெளிநாட்டு ஆட்கள் யாழ்ப்பாணத்தில் கூடி நிற்பது நல்லூர்த் திருவிழாக் காலம்தான். ஆனால் கொடியேறினால் இருபத்தைந்து நாள் பாதிப் பேர் விரதம், பின்னேரம் கோயில் வீதி. மஞ்சம், சப்பறம், தேர், தீர்த்தம் என்று ஒரு நாளும் தொட ஏலாது. தீர்த்தமும் பூங்காவனமும் முடிந்த பிறகு வைத்தால் சாப்பாட்டில் மீன், நண்டு சேர்க்கலாம், ஆனால் புரட்டாதி தொடங்க முதலே லண்டன்காரர் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகப் பறந்துவிடுவார்கள். இடையில் கிடைப்பது ஒரு கிழமை. அதில் வெள்ளி மரக்கறி என்பதால் சனிக்கிழமையைப் பிடித்தோம். நாலு மாதத்துக்கு முதலே அந்த ஒரு சனிக்கிழமையைக் குறித்து வைத்ததால்தான் ஆட்கள் தங்கள் பயணத்தை அதற்கேற்ற மாதிரிப் போட்டார்கள்.

வீடு பூட்டிக் கிடந்த பழைய நாற்சார் வீடு. சொந்தக்காரர் கொழும்பில், திறப்பைத் தந்துவிட்டார். முற்றத்தைக் கயிறு பிடித்து அளந்தோம், 22 அடிக்கு 18 அடி, சுற்றிவர ஆறடி விறாந்தை. கூத்து முற்றத்தில், ஆட்கள் மூன்று பக்க விறாந்தையில், குசினிப் பக்கத்து நாலாவது விறாந்தையிலிருந்து ஆட்டக்காரர் இறங்கி வருவார்கள். ஐம்பது கதிரை போடலாம் போலத்தான் இருந்தது. ஒவ்வொரு கதிரையிலும் நான் இருந்து பார்த்தேன், முற்றத்தின் நடுவில் ஒரு பொடியனை நிற்க வைத்து. தூண் மறைத்த கதிரைகளை எல்லாம் எடுத்தபோது மிஞ்சியது 34. அதனால்தான் 32 பேர். அந்த எண்ணிக்கையைத் தூண்கள்தான் தீர்மானித்தன.

வருகிறவர்களில் பாதிக்கு மேல் அறுபது வயது தாண்டியவர்கள். வாசற்படி இரண்டும் உயரம், பலகை அடித்துச் சரிவு செய்தோம். கிணற்றுக்கட்டு உயரம் குறைவு, இருட்டில் ஒருவர் தடக்கினால் அவ்வளவுதான், அதைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டி ஒரு லாம்பு தொங்கவிட்டோம். மலசலகூடம் வளவின் பின்பக்கம். அதுவரைக்கும் வெளிச்சமும் துணைக்கு ஒரு பிள்ளையும். இவற்றுக்கெல்லாம் யாரும் நன்றி சொல்லமாட்டார்கள், ஆனால் முழங்கால் வலியோடு வந்தவருக்கு நிகழ்ச்சி நல்லதா கெட்டதா என்பதை இதுதான் தீர்மானிக்கும். மற்றது நுளம்பு. ஐந்து மணிக்கு வேப்பிலைப் புகை போட்டு ஐந்தே முக்காலுக்கு நிற்பாட்டிவிட வேண்டும், அதற்குப் பிறகும் புகைந்தால் பாடுகிறவர்களின் தொண்டை கட்டிவிடும் என்று அண்ணாவியார் முதலே சொல்லிவிட்டார்.

அழைப்பு. அழகாக ஒரு அட்டை செய்து வட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று குழுவில் இருவர் சொன்னார்கள். நான் விடவில்லை. எங்கள் சனத்துக்குக் கலியாணமென்றால் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும், இதுவும் அப்படித்தான். ஊரில் நின்றவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம், வெளியில் இருந்தவர்களோடு தொலைபேசியில் ஆறுதலாகக் கதைத்தோம், எல்லாமாக 41 பேர், அவர்களில் ஒன்பது பேருக்கு வர ஏலவில்லை. காசு கேட்கப் போகிறோம் என்பதை அப்போதே சொல்லிவிட்டோம், மறைக்கவில்லை. “கூத்துப் பாக்க வாங்கோ, பாத்திட்டுப் பிடிச்சால் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கோ எண்டு கேட்பம்” என்று. இதைச் சொன்னதால் வராமல் விட்டவர் ஒருவரோ இருவரோ இருக்கலாம், ஆனால் வந்தவர்கள் மனம் ஆயத்தமாகத்தான் வந்தார்கள். “பார்ப்பம் தம்பி” என்று சொன்னவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இனிக் கூத்து.

காத்தவராயன் கூத்து விடிய விடிய ஆடுவது, காத்தான் பாத்திரத்தையே ஒருவருக்குப் பின் ஒருவராகப் பல பேர் மாறி ஆடுவார்கள். அதை எப்படி நாற்பது நிமிஷத்துக்குள் கொண்டுவருவது? சுருக்குவது புதிய விஷயம் இல்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் விடியவிடிய நடக்கும் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கூத்துகளை இந்தக் காலத்து மேடைக்கு ஏற்ற மாதிரிப் போட்டுக் காட்டியிருக்கிறது. ஆனாலும் அண்ணாவியாரிடம் போய் “ஐயா, நாப்பது நிமிஷம்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று நாள் போய் வந்து, நாலாம் நாள்தான் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “துண்டு துண்டா வெட்டாதை தம்பி. ஒரு இடத்தை எடு, அதை முழுசா ஆடுவம்” என்றார்.

அந்த ஒரு சொல்லில் எங்களுடைய பிரச்சினை தீர்ந்தது. நான் யோசித்து வைத்திருந்தது கதையை முழுவதும் சுருக்கிக் காட்டுகிற திட்டம், ஒவ்வொரு காட்சியிலும் இரண்டு பாட்டு. அது கூத்தின் படத்தைக் காட்டுவது மாதிரி இருந்திருக்கும். அதை விட்டுவிட்டு, காப்புப் பாட்டோடு தொடங்கி, காத்தான் ஆரியப்பூமாலை என்ற பெண்ணில் மனம் வைத்துத் தாய் முத்துமாரியிடம் வந்து நிற்கிற இடத்தை மட்டும் எடுத்தோம். தாயும் மகனும் வாக்குவாதப்படுகிற பாட்டுகள், ஒன்றுக்கொன்று பதில். கதை தெரியாதவருக்கும் அது விளங்கும், ஏனென்றால் அது எல்லா வீட்டிலும் நடக்கிறது.

கழுமரம் ஏறுகிற காட்சியை வைக்கச் சொல்லி ஒருவர் கேட்டார், வெளிநாட்டு ஆட்கள் அதைத்தான் பார்க்க விரும்புவார்கள் என்று. நாங்கள் மறுத்துவிட்டோம். காத்தவராயன் கூத்து அம்மன் கோயிலில் நேர்த்தி வைத்து ஆடுகிறது, கழுவேறும் நேரம் ஊரே கும்பிட்டு நிற்கும். காசு சேர்க்கிற மாலைக்கு அதை எடுத்துவந்து ஆட நாங்கள் யார்? இந்த எல்லையை முதலே போட்டது அண்ணாவியாருக்கும் எங்களுக்கும் நடுவில் நம்பிக்கையைக் கூட்டியது.

ஒத்திகையை நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில் அதே முற்றத்தில் வைத்தோம். இதைக் கட்டாயம் செய்யுங்கள், இல்லாவிட்டால் காற்று என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆவணியில் சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. நாற்சார் வீடு, நாலு பக்கமும் சுவர், காற்று உள்ளே வராது என்று நினைத்துக் குத்துவிளக்கு பன்னிரண்டு இரவல் வாங்கி வைத்திருந்தோம். ஆறரைக்குக் கூரைக்கு மேலால் சுழன்று இறங்கின காற்றில் ஐந்து நிமிஷத்துக்குள் ஒன்பது நூர்ந்துவிட்டன. குத்துவிளக்கு ஒன்றை மட்டும் வாசலுக்குள் வைத்துக்கொண்டு, மற்றதுக்கெல்லாம் அரிக்கன் லாம்பு தேடினோம். பதினான்கு கிடைத்தன, எல்லாவற்றின் சிமிலியையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியது என் அக்காவின் பிள்ளைகள்.

முற்றத்துக்குப் பெற்றோமாக்ஸ் இரண்டு. பழைய கூத்துக் கொட்டகைகளில் அதுதான் வெளிச்சம், அந்த வெள்ளை ஒளியில் முகப்பூச்சு வேறு மாதிரித் தெரியும். ஒத்திகையில் ஒன்றைக் குசினிக்குள் வைத்துக் கொளுத்தி, காற்றடித்து, நன்றாக எரிய விட்டு, தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். ஒரு சின்னக் குலுக்கல்தான். தீயைச் சுற்றிக் கட்டுகிற மென்டில் வலை பொடிப்பொடியாக உதிர்ந்து தீ நாக்கு வெளியில் வந்துவிட்டது. ஒருமுறை எரிந்த மென்டில் வெறும் சாம்பல் வலை, விரல் பட்டாலே போய்விடும் என்பது சின்ன வயதில் தெரிந்த விஷயம், கை மறந்துவிட்டது. அதனால் கொளுக்கியில் முதலே தொங்கவிட்டு, அந்த இடத்திலேயே கொளுத்த வேண்டும், பக்கத்தில் புது மென்டில் நாலும் ஊசியும் இருக்க வேண்டும். இவை போதாத இடத்துக்கு இறவாணத்துக்குள் மறைத்து இரண்டு மஞ்சள் பல்ப்.

ஒலி விஷயத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். வாடகைக்குப் பேசின ஆட்கள் ஆளுயரப் பெட்டிகள் நாலைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். 22 அடி முற்றத்துக்கு! அவர்களுக்குக் காசைக் கொடுத்து அப்படியே திருப்பி ஏற்றி அனுப்பினோம். மத்தளமும் ஆர்மோனியமும் அண்ணாவியாரின் தொண்டையும் அந்த முற்றத்துக்கு அளவு. ஒலிபெருக்கி இல்லாததால் பொலிஸில் அதற்கு அனுமதி எடுக்கிற அலுவலும் இல்லாமல் போனது. ஆனால் ஒன்று, மைக் இல்லாவிட்டால் எல்லாக் குறையும் காதில் விழும். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை அமத்தினால் சத்தம் வரவில்லை. கழற்றிப் பார்த்தால் பித்தளை நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் தூசி இறுகியிருந்தது. மெல்லிய கடுதாசித் துண்டை நாக்குக்குக் கீழே செருகி இரண்டு தரம் இழுக்க வந்துவிட்டது. பிளேட் போடக்கூடாது, நாக்கில் கீறல் விழுந்தால் சுருதி மாறிவிடும்.

கலைஞர்களின் காசு பற்றி ஒரு வார்த்தை. பதினொரு பேர், ஆளுக்கு 12,000. அதை முகப்பூச்சுப் போடுகிற நேரத்திலேயே உறையில் போட்டுக் கையில் கொடுத்தோம். நல்ல காரியத்துக்குத்தானே, சும்மா ஆடிக்கொடுங்கள் என்று கேட்கிற பழக்கம் எங்களிடம் கூடிப்போய்விட்டது, அண்ணாவிமாரின் சம்பளத்துக்காகக் காசு சேர்க்கிற இரவிலேயே அண்ணாவியாருக்குச் சம்பளம் இல்லையென்றால் அதற்கு என்ன பொருள்?

சாப்பாட்டில் நடுநாயகம் ஒடியல் கூழ், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது. இதை ஊரில் கூழுக்குப் பேர்போன ஒரு மாமியிடம் விட்டோம். ஒடியல் மாவை முதலே தண்ணீரில் ஊறவிட்டு, மேலே நிற்கிற தண்ணியை வடித்து, திரும்பவும் ஊற்றி, கைப்புப் போகும்வரை அவர் அவசரப்படவே இல்லை. நண்டு, இறால், சின்ன மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, கடைசியில் பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும். 20 லீற்றர், விருந்தினரும் கலைஞரும் எங்கள் ஆட்களுமாக 52 பேருக்கு. நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவர் யார், மரக்கறிக்காரர் யார் என்று அழைக்கும்போதே கேட்டு எழுதி வைத்திருந்ததால் ஏழு பேருக்கு வேறு பானையில் மரக்கறிக் கூழ். பனையோலைப் பிளாவில்தான் கொடுத்தோம். கனகாலத்துக்குப் பிறகு பிளாவைக் கையில் பிடித்தவர்கள் எந்தப் பக்கத்தால் வாய் வைப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அதிலேயே கதை தொடங்கிவிட்டது.

இதில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று: வேஷக்காரர் குசினிப் பக்கம் போய்ச் சாப்பிடுவது என்ற வழக்கம் இங்கே கிடையாது. ஒரே பாய், ஒரே வரிசை, காசு கொடுக்கிறவருக்குப் பக்கத்தில் முத்துமாரி வேஷம் கலையாத அண்ணன் இருந்து கூழ் குடிப்பார். யாழ்ப்பாணத்தில் இது சின்ன விஷயம் இல்லை என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும். இதை முதலே யாருக்கும் அறிவிக்கவில்லை, பாயை விரித்து அப்படியே இருத்தினோம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

காசை எப்படிக் கேட்பது என்பதில்தான் எங்களுக்குள் கூடச் சண்டை. முதல் திட்டம் திரையில் படங்கள் போட்டு, புள்ளிவிபரம் சொல்லி, ஒரு பேச்சு. ஏலம் போடலாம் என்றும் ஒருவர் சொன்னார். அச்சகத்தில் கொடுத்து எட்டுப் பக்கக் கையேடும் அடித்தாயிற்று, அதில் ‘அண்ணாவியார்’ மூன்று இடத்தில் ‘அண்ணவியர்’ என்று விழுந்திருந்தது. அதைத் திருப்பி அடிக்கக் காசு கொடுப்பதா விடுவதா என்று கதைத்துக்கொண்டிருந்த அன்று, நான் படமெடுத்துப் பார்ப்பதற்காக ஒரு கொப்பியை விரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீள வாக்கில் தைத்த தடித்த கொப்பி, முதுகில் சணல் நூல், அட்டைக்கு மேலே சாரத் துணி ஒட்டியிருக்கிறது. நீல மை சில இடத்தில் பழுப்பாகிவிட்டது. விருத்தம் தொடங்குகிற இடமெல்லாம் சிவப்பு மையில் ஒரு சுழி. பக்கங்களுக்கு நடுவில் காய்ந்த வேப்பிலை, பூச்சிக்கு வைத்தது. பாட்டு முடிந்த பிறகு கடைசிப் பக்கத்தில், வேறு பேனையால், 1968 பங்குனி என்று போட்டு ஒரு கணக்கு. ‘கிடுகு 300 – பரியாரியார் வீடு. பாய் 20 – கிணற்றடி வீடு. பெற்றோமாக்ஸ் 4 – சங்கக்கடை. மண்ணெண்ணெய் 2 கலன். சீனி 10 இறாத்தல். வண்டில் ஒன்று. சுருட்டுக் கொட்டில் ஆட்கள் – ரூ. 47.50’. அதற்குக் கீழே ஒரு கோடு, ‘எல்லாம் வந்தது’.

எங்களுக்கு வேண்டிய பேச்சு அங்கேயே எழுதியிருந்தது. அந்தக் கூத்தை நடத்தியது அரசாங்கமும் இல்லை, ஒரு பெரிய பணக்காரரும் இல்லை. கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒருவருடைய உபயம் என்று இருக்கிற மாதிரி, கிடுகு ஒருவர் உபயம், எண்ணெய் ஒருவர் உபயம். கையேட்டை விட்டுவிட்டோம், திரையையும் விட்டுவிட்டோம். அந்தப் பக்கத்தைப் போலவே கோடு போட்ட தாளில் ஒரு பக்கம் எழுதி அடித்தோம். கொப்பி ஒன்றைப் பதிய 80,000, ஏழு. அண்ணாவியாரின் ஒரு மாதச் சம்பளம் 35,000, நாற்பத்தெட்டு. மத்தளம் ஒன்று 60,000, இரண்டு. ஒரு பாத்திரத்துக்கு உடுப்பு 40,000, பன்னிரண்டு. பிள்ளைகளின் ஒரு மாதப் போக்குவரத்தும் தேத்தண்ணியும் 15,000, இருபத்துநாலு. அரங்கேற்றக் கொட்டகை 4,00,000, தனியாகவோ சேர்ந்தோ. வலது பக்கம் பெயர் எழுத வெறும் கட்டம். ஆளுக்கு ஒரு தாளும் ஒரு பென்சிலும்.

அன்று இரவு. ஐந்தரைக்கு வரத் தொடங்கினார்கள், இளநீர் கொடுத்தோம். 6.20 அளவில் பொழுது விழும், அந்த நேரத்துக்குப் பெற்றோமாக்ஸைக் கொளுத்தி ஆறரைக்குக் காப்பு. ஏழே காலுக்குக் கூழ், கலைஞர்களோடு கதை. ஏழே முக்காலுக்குத்தான் கேட்பது. இந்த இடத்தை நன்றாக யோசித்து வைத்தோம், ஏனென்றால் எல்லாம் முடிந்து எழும்பும் நேரத்தில் கேட்டால் ஆட்கள் வாகனத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள், கூத்துக்கு முதல் கேட்டால் எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது.

கேட்டது நானும் இல்லை, அண்ணாவியாரும் இல்லை. ஊரில் முப்பது வருஷம் படிப்பித்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர். அவர் தன் ஓய்வூதியத்திலிருந்து அண்ணாவியாரின் இரண்டு மாதச் சம்பளத்தை அதற்கு முதல் கிழமையே கட்டிவிட்டார். கேட்கிறவர் முதலில் கொடுத்தவராக இருந்தால் அவருடைய குரல் தடுமாறாது. அவர் கொப்பியை மடியில் வைத்து, கடைசிப் பக்கத்தை வரி வரியாக வாசித்தார். ‘எல்லாம் வந்தது’ என்று முடித்து, “இந்த முறைக் கொட்டகைக்கு என்னென்ன வேணும் எண்டு உங்கட கையில இருக்கிற தாளில எழுதிக் கிடக்கு. ஏலுமானதை எடுத்துக்கொள்ளுங்கோ” என்றார். நாலு நிமிஷம்தான். ஒருவர் எழும்பித் தான் தருகிற தொகையை எல்லாருக்கும் சொல்லப் பார்த்தார், ரீச்சர் அவரைப் பார்த்து மெதுவாக, “தாளில எழுதுங்கோ தம்பி” என்று சொல்லிவிட்டார். சத்தமாகச் சொன்னால் குறையக் கொடுக்கிறவர் கூசுவார், அது வேண்டாம் என்று முதலே பேசி வைத்திருந்தோம். தாள்களை ஒரு பனையோலைப் பெட்டியில் போட்டார்கள். அதன் பிறகு அண்ணாவியாரும் எங்கள் பிள்ளைகள் இருவரும் பிற்பாட்டோடு வாழி பாடினார்கள், மாலை பாட்டில்தான் முடிந்தது. அந்தப் பிள்ளைகளின் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கக்கூடாது, நாங்களும் சொல்லமாட்டோம் என்பது இன்னொரு தீர்மானம். அவர்கள் பாட வந்தவர்கள்.

பெட்டியைத் திறந்து கூட்டியபோது 27,70,000. இதில் பிழைத்த இடம் ஒன்று உண்டு. கொப்பிகள் ஏழுதான், பதினொரு பேர் கொப்பி என்று எழுதியிருந்தார்கள். கொப்பியைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், ஆசை வருவது நியாயம். போக்குவரத்துக்கும் தேத்தண்ணிக்கும் முதலில் ஆறு மாதம்தான் விழுந்திருந்தது. நாலு பேருக்கு அடுத்த நாள் போன் எடுத்து நிலைமையைச் சொன்னேன், அவர்கள் அதே தொகையைச் சம்பளத்துக்கும் போக்குவரத்துக்கும் மாற்றித் தந்தார்கள். இனிமேல் செய்தால் கொப்பியையும் மூன்று மாதப் போக்குவரத்தையும் சேர்த்து ஒரே பங்காக எழுதுவேன். கண்ணுக்குத் தெரியாத செலவைத் தனியே விட்டால் அது அநாதையாக நிற்கும்.

எழுதின காசு வேறு, வந்த காசு வேறு. இரண்டு மாதத்தில் கணக்குக்கு வந்தது 23,45,000. மிச்சத்தில் பெரும்பகுதி பிந்தியது எங்கள் ஆயத்தக் குறைவால். இங்கிலாந்தில் வரி கட்டுகிற ஒருவர் அங்கே பதிவான தொண்டு நிறுவனம் ஒன்றுக்கூடாகக் கொடுத்தால் கிஃப்ட் எய்ட் முறையில் ஒவ்வொரு பவுணுக்கும் மேலதிகமாக 25 பென்ஸ் அரசாங்கத்திடமிருந்து அந்த நிறுவனத்துக்குக் கிடைக்கும். கனடாவிலும் வரிக்குக் காட்டும் பற்றுச்சீட்டு வேண்டுமென்றால் அங்கே பதிவான நிறுவனத்துக்கூடாகத்தான் போக வேண்டும். அப்படி ஒரு நிறுவனத்தோடு நாங்கள் உடன்பாடு எழுதியது நிகழ்ச்சிக்குப் பிறகு. அதை நாலு மாதத்துக்கு முதலே, நாள் குறிக்கும்போதே செய்திருக்க வேண்டும், மனம் இளகி எழுதின ஆள் ஆறு கிழமை பற்றுச்சீட்டுக்குக் காத்திருப்பது நல்லதில்லை.

நன்றிக் கடிதம் மூன்றாம் நாளே போனது. கையால் எழுதியது, 32 கடிதம், மூன்று பேர் பங்கிட்டு. ஒவ்வொன்றிலும் அவர் எடுத்த பங்கு என்ன, அது எந்த மாதம் எப்படிச் செலவாகும் என்று இரண்டு வரி. கொப்பி எடுத்தவர்களுக்கு வேலை முடிய முடிய முதல் பக்கத்தின் படமும் போகும். இன்னும் 8,30,000 தேட வேண்டும், அதற்கு வர ஏலாமல் போன ஒன்பது பேரிடம் தைப்பொங்கலுக்கு முதல் போகிறோம், அதே தாளோடு.

கொப்பிகளில் நாலு முடிந்துவிட்டன. மேலேயிருந்து படமெடுக்கிற தாங்கி ஒன்றில், கொப்பியைத் தட்டையாக அமத்தாமல், இரண்டு பக்கமும் பஞ்சுத் தலையணை கொடுத்துத் திறந்த மட்டில் எடுக்கிறோம். ஐந்தாவதில் பதினெட்டுப் பக்கம் ஒட்டிப்போய்க் கிடக்கிறது, பிரித்தால் மை கழன்று வருகிறது, அதனால் நிறுத்திவிட்டோம். அதை எடுத்தவருக்கு உள்ளதை அப்படியே எழுதினேன். “ஆறுதலாச் செய்யுங்கோ” என்று பதில் வந்தது. அந்தப் பக்கங்களில் இருக்கிற பாட்டுகளை அண்ணாவியார் மனப்பாடமாக வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் பழக்கம் முடிந்த பிறகு அவர் விறாந்தையில் இருந்து சொல்ல, பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி புதுக் கொப்பியில் எழுதுகிறாள். விருத்தம் தொடங்குகிற இடத்தில் சிவப்புப் பேனையால் அதே சுழியைப் போடுகிறாள். போன சனியோடு பதினொரு பக்கம்.